இரத்தோட்டை ஓடையில் கொசுப்புழு தேடியது

சிங்களத்தில் கொசுவுக்கு 'மதுரு' என்று பெயர். அது தெரியாமல், போய் இறங்கிய அன்றே மாத்தளை சோதனைச் சாவடியில், "எந்த ஊர்?" என்று கேட்ட சிப்பாயிடம் "மதுரை" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். அவன் என் பாஸ்போர்ட்டைப் புரட்டினான். பைக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தான்: வெள்ளை எனாமல் தட்டு, நீளக் கைப்பிடி போட்ட அகப்பை, பஞ்சு அடைத்த கண்ணாடிக் குழாய்கள்.

"எதற்கு வந்தீர்கள்?"

"கொசு பிடிக்க."

அவன் பக்கத்தில் நின்றவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான். என்னை அழைத்துப்போக வந்திருந்த ஜயதிஸ்ஸ, இங்கிலீஷில் எனக்கு மொழிபெயர்த்தார். "கொசு ஊரிலிருந்து கொசு பிடிக்க ஒருத்தி வந்திருக்கிறாள் என்கிறான்."

இரண்டாவது சிப்பாய் சிரிக்கவில்லை. வடக்கில் இருந்தபோது தனக்கு மூன்று தடவை மலேரியா வந்ததாகவும், துப்பாக்கிக்குப் பயந்ததைவிட மாலையில் வரும் அந்த நடுக்கத்துக்குத்தான் அதிகம் பயந்ததாகவும் சொன்னான். குழாய்களைத் துணியில் சுற்றி, உடையாமல் பைக்குள் அவனே திருப்பி வைத்தான். எங்களுக்குப் பின்னால் தோட்டத்து பஸ் ஒன்றிலிருந்து எல்லோரையும் இறக்கி, வெயிலில் வரிசையாக நிறுத்தி அடையாள அட்டை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அட்டை இல்லாத இரண்டு பேர் தனியாகத் தரையில் உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். எனக்கு இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. ஐந்து நிமிடத்தில் விட்டுவிட்டார்கள்.

இது தொண்ணூறுகளின் நடுவில். மதுரையில் ஒரு ஆய்வு நிலையத்தில் பூச்சி சேகரிப்பது என் வேலை. பதினெட்டு வருடம் வைகை மணலில் குனிந்து தண்ணீர் மொண்டவள் நான். மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் வழக்கமில்லாமல் மலேரியா வந்திருக்கிறது, கொசுப்புழு தேடத் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். போக வேண்டியவர் எங்கள் அதிகாரி. சண்டை நடக்கும் நாட்டுக்குப் போக அவருக்கு இஷ்டமில்லை. "தோட்டத்து ஆட்கள் தமிழ்தான் பேசுவார்கள். உனக்குச் சுலபம்" என்று என்னைப் பத்து நாளைக்கு அனுப்பிவிட்டார்.

ஜயதிஸ்ஸவுக்கு ஐம்பது வயது இருக்கும். மாவட்ட மலேரியா ஒழிப்புப் பிரிவில் கள அலுவலர். மழையில்லாத ஊரில் எந்நேரமும் கையில் குடை. அவருக்குத் தமிழ் கொஞ்சம், எனக்குச் சிங்களம் சுத்தம். இருவரும் உடைந்த இங்கிலீஷில் சமாளித்தோம்.

இரண்டாம் நாள் ஜீப் கிளம்பவில்லை. பாட்டரி இல்லையாம், யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். இரத்தோட்டை பஸ்ஸில் ஏறினோம். என் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு மிளகு மூட்டை. அதன் காரத்தில் வழியெல்லாம் தும்மிக்கொண்டே போனேன். பாதி ஏற்றத்தில் பஸ் ஆவி கக்கி நின்றது. கொண்டக்டர் வாளியை எடுத்துக்கொண்டு பாலத்துக்குக் கீழே இறங்கினார். ஆற்றில் ஓட்டம் இல்லை. பாறைகளுக்கு நடுவே குட்டை குட்டையாகத் தண்ணீர் கிடந்தது. அவர் மொண்டுகொண்டு வந்த வாளியைப் பழக்கதோஷத்தில் எட்டிப் பார்த்தேன்.

"ஐயா, ஒரு நிமிஷம்" என்று வாளியைப் பிடித்துக்கொண்டேன். நீர்ப்பரப்பில் ஒட்டியபடி, படுத்த வாக்கில் ஐந்தாறு புழுக்கள். சாதாரண வீட்டுக்கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும். மலேரியாக் கொசுவின் புழு பரப்போடு பரப்பாகப் படுத்திருக்கும். வைகையில் நான் பார்த்த அதே படுக்கை.

"நோனா, என்ஜின் சூடாகுது" என்றார் கொண்டக்டர். அங்கே பெண்களை மரியாதையாக நோனா என்பார்கள், ஆண்களை மாத்தயா. குழாயில் நான்கைப் பிடித்துக்கொண்டு மீதியை ராடியேட்டருக்குக் கொடுத்தேன்.

எங்கள் ஊரில் இதைச் சொன்னால் இன்றும் பலர் நம்புவதில்லை. கொசு என்றால் சாக்கடை என்றே நினைக்கிறோம். இந்தக் கொசுவுக்குச் சாக்கடை பிடிக்காது. அடியில் மணல் தெரிகிற, மேலே வெயில் விழுகிற, ஓடாமல் நிற்கிற தெளிந்த தண்ணீர் வேண்டும். மழைக்காலத்தில் ஆறு அதன் முட்டைகளை அடித்துக்கொண்டு போய்விடும். ஆறு வற்றித் துண்டு துண்டாகத் தேங்கும்போதுதான் அதற்குக் கொண்டாட்டம்.

தோட்டத்தின் பெயரை எழுதப்போவதில்லை. இரத்தோட்டைக்குக் கீழே, மேல்பாதி தேயிலை, கீழ்பாதி கொக்கோவும் மிளகும். சரிவின் அடியில் ஒரு ஓயா, அதாவது சிற்றாறு. அதன் கரைக்கு மேலே ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு ஒற்றையறைக் காம்பராக்கள் கொண்ட தொழிலாளர் லயம். வழிகாட்ட லெச்சுமி என்ற கொழுந்து பறிக்கும் பெண்ணைத் தோட்ட ஆபீசிலிருந்து அனுப்பியிருந்தார்கள். முப்பது வயதுக்குள்தான். பேசிக்கொண்டே வேகமாக நடப்பாள். நான் பின்னால் ஓட வேண்டும்.

"இந்தியா அக்கா, முதல்ல ஒரு வாய் குடிங்க" என்று பிளேன்டீயும் உள்ளங்கையில் ஒரு துண்டு கருப்பட்டியும் கொடுத்தாள். கூடவே கோதுமை ரொட்டி, கண்ணில் நீர் வரவைக்கும் மிளகாய்க் கட்டச்சம்பல். பால் இல்லாத டீயை நான் அதுவரை நோயாளிகளின் பானம் என்றே நினைத்திருந்தேன். தேயிலை விளைகிற மலையில், தூள் தேயிலையைக் கொதிக்க வைத்துக் கருப்பட்டி கடித்துக் குடிக்கிறார்கள். நல்ல தேயிலையை நான் அந்தப் பத்து நாளில் துரையின், அதாவது தோட்ட மேனேஜரின், ஆபீசில் மட்டுமே குடித்தேன்.

காம்பராவுக்குள் அவள் மகள் சாந்தி சாக்கின்மேல் படுத்திருந்தாள். ஏழு வயது. வயிற்றின் இடப்பக்கம் கை வைத்துப் பார்த்தேன். மண்ணீரல் கல்போலத் தட்டுப்பட்டது. அந்த லயத்தில் மட்டும் ஒன்பது பேருக்குக் காய்ச்சல் வந்து போயிருந்தது.

லெச்சுமியின் புருஷன் ராசையா வாசலில் குந்தி உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். கண் மஞ்சளாக இருந்தது. வேலை போதாமல் எலஹரப் பக்கம் மாணிக்கக் கல் தோண்டப் போய், மூன்று மாதம் கழித்துத் திரும்பியவன். தோட்டத்துப் பெயர்ப்பதிவிலிருந்து அவனை வெட்டிவிட்டிருந்தார்கள்.

"கல்லு தேடி மண்ண தோண்டுனோம்ங்க. குழியில தண்ணி நின்னுச்சு. கல்லு முதலாளிக்கு, காய்ச்சல் எங்களுக்கு" என்று சிரித்தான். "ஆனா குழியோட அழக நீங்க பாக்கணும்க்கா. கண்ணாடி மாதிரி தண்ணி."

கண்ணாடி மாதிரி என்றதும் நானும் ஜயதிஸ்ஸவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும் லெச்சுமியோடு ஓயாவை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். லயத்துக்கு மேலே ஒரு சிறிய அணை. இரண்டு கல்தூண்களுக்கு நடுவே பலகைகளைச் செருகித் தண்ணீரை மறித்திருந்தார்கள். மறித்த தண்ணீர் குழாய் வழியாகத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோருக்கும் துரை பங்களாவுக்கும் போனது. அணைக்குக் கீழே பலகை இடுக்கில் கசிகிற தண்ணீர்தான். கால்மைல் தூரத்துக்கு மணலில் தட்டுத் தட்டாகக் குட்டைகள். பத்து முறை அகப்பையை விட்டால் எட்டு முறை புழு வந்தது. அணைக்கு மேலே, நிழலில், ஆழமான தண்ணீரில் ஒன்றுமில்லை.

லெச்சுமி எனாமல் தட்டின்மேல் குனிந்து பார்த்தாள். "இது நாங்க குடிக்கிற தண்ணிக்கா."

"ஆமா. இந்தக் கொசு நல்ல தண்ணியிலதான் முட்டை போடும்."

"அப்ப லயத்துக் கானு? மருந்து ஐயா ஒவ்வொரு மாசமும் வந்து, நீங்க நாத்தம் புடிச்ச சனம், கானு கழுவாம கெடந்து காய்ச்சல் தேடிக்கிறீங்கன்னு ஏசுவாரே."

"கானுல, சாக்கடையில இருக்கிறது வேற கொசு. கடிச்சா அரிக்கும். இந்தக் காய்ச்சல் தராது."

அவள் தட்டை விட்டு நிமிர்ந்தாள். பிறகு, "அந்த ஏச்செல்லாம் யாரு திருப்பி வாங்கிக்குவா?" என்றாள்.

ஜயதிஸ்ஸவுக்கு வழி தெரிந்திருந்தது. வாரத்துக்கு ஒரு முறை, ஒரு மணி நேரம் பலகைகளைத் தூக்கிவிட்டால் போதும். வெள்ளம் குட்டைகளைக் கழுவி, புழுவை மணலில் ஒதுக்கிக் காயப்போட்டுவிடும். மருந்து வேண்டாம், எண்ணெய் வேண்டாம். மழை வரும்வரை செய்தால் லயம் தப்பிக்கும். ஐந்தாம் நாள் இதைச் சொல்லத்தான் துரையைப் பார்க்கப் போனோம்.

இளைய வயது. மரியாதையானவர். எனக்கு நாற்காலி போடச் சொன்னார், பால் விட்டு நல்ல டீ வரவழைத்தார். நான் தட்டில் புழுக்களைக் காட்டினேன். குனிந்து அக்கறையோடு பார்த்தார். பலகை விஷயத்தைச் சொன்னதும் ஸ்டோருக்குத் தண்ணீர் குறையும், யோசிக்க வேண்டும் என்றார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த அணை என் காலத்துக்கு முன்பே இருக்கிறது. வறட்சியும் முன்பே வந்திருக்கிறது. கொசுவும் இருந்திருக்கும். காய்ச்சல் மட்டும் ஏன் இந்த வருடம்?"

பதினெட்டு வருடத்தில் என் அதிகாரிகள் யாரும் என்னிடம் இப்படி ஒரு புத்திசாலித்தனமான கேள்வி கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. பள்ளிக்கூடத்தில் கை தூக்கிய பிள்ளைபோலப் பதில் சொன்னேன். கொசு மட்டும் இருந்தால் மலேரியா வராது, இரத்தத்தில் கிருமியோடு ஒரு ஆள் வெளியிலிருந்து வர வேண்டும், அவரைக் கடித்த கொசுதான் மற்றவர்களுக்குப் பரப்பும் என்றேன்.

"இங்கே அப்படி யார் வந்தது?"

ஜயதிஸ்ஸ தொண்டையைக் கனைத்தார். அது எனக்கான எச்சரிக்கை என்று பிறகுதான் விளங்கியது. ஜயதிஸ்ஸவின் பிரிவு லயத்தில் எடுத்திருந்த இரத்தப் பரிசோதனைப் பட்டியல் என் மடியில் திறந்து கிடந்தது. முதல் பெயரில் விரலை வைத்தேன். "ராசையா. எலஹரவிலிருந்து வந்தவர்" என்றேன்.

துரை எழுதிக்கொண்டார். பலகையைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

வெளியே வந்ததும் ஜயதிஸ்ஸ குடையை விரித்தார். "நீங்கள் பெயர் சொல்லியிருக்க வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். இரத்தோட்டைக் கடையில் எனக்குப் பருப்பும் சோறும் வாங்கித் தந்துவிட்டு, தனக்குப் பசியில்லை என்று வெளியே போய் நின்றார்.

ஆறாம் நாள் காலை நாங்கள் லயத்துக்குப் போனபோது தண்ணீர் விழும் பீலியில் யாரும் குளிக்கவில்லை, அடுப்புப் புகை இல்லை. பெண்கள் எல்லோரும் வாசலில் நின்றார்கள். விடிந்ததும் போலீஸ் வந்து ராசையாவைக் கொண்டுபோய்விட்டதாம். தோட்டப் பதிவில் இல்லாத ஆள் லயத்தில் தங்கியிருக்கிறான், அடையாள அட்டை இல்லை, எங்கிருந்து வந்தான் என்று விசாரிக்க வேண்டுமாம். அட்டைக்கு எழுதிக் கொடுத்து நான்கு வருடம் ஆயிற்று என்று அவன் சொன்னதை அவர்கள் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அட்டையில்லாத தமிழ் இளைஞனைக் கொண்டுபோக வேறு காரணம் தேவைப்படவில்லை. காய்ச்சல் மாத்திரையை எடுத்துக்கொள்கிறேன் என்று உள்ளே திரும்பியவனைத் தோளைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள்.

லெச்சுமி அழவில்லை. மாத்திரை உறை அவள் கையில் இருந்தது.

"அக்கா, ஆபீசுல நீங்க என்ன சொன்னீங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். ஜயதிஸ்ஸ சொன்னார் என்றோ, பட்டியலைத் துரையே பார்த்தார் என்றோ சொல்லியிருக்கலாம். ஏனோ வரவில்லை. "ராசையாதான் முதல்ல காய்ச்சலோட வந்தவர்னு சொன்னேன்" என்றேன்.

"அதத்தான் சொன்னீங்களா?"

"தண்ணியத் திறந்துவிடணும்னும் சொன்னேன்."

"அத யாரும் கேக்கலையே" என்றாள்.

ஜயதிஸ்ஸ ஒரு டாக்டர் சீட்டோடும் மாத்திரையோடும் அன்றே போலீஸுக்குப் போனார். மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஆளைக் காட்டவில்லை. ஏழாம் நாளும் போனார். கண்டிக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். நான் கூட வருகிறேன் என்றேன். "இந்தியாக்காரி ஒருத்தி அவனைத் தேடி வந்தால் அவனுக்குத்தான் கெடுதல்" என்றார். அது உண்மையா, என்னைக் காப்பாற்றச் சொன்னதா என்று தெரியவில்லை. நான் வற்புறுத்தவில்லை. தங்கியிருந்த அறையில் உட்கார்ந்து, குழாய்களில் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன்.

எட்டாம் நாள் லெச்சுமி முகம் கொடுக்க மாட்டாள் என்று நினைத்தே போனேன். அவள் லயத்துப் படிக்கட்டில் எனக்காகக் காத்திருந்தாள். இன்னும் ஆறேழு பெண்கள் கூட இருந்தார்கள். அன்று கொழுந்துக்குப் போகவில்லை என்றார்கள்.

"தண்ணியத் தொறந்தா நொளம்புப் புழு சாகும்னு சொன்னது நெசமா, இல்ல அதுவும் சும்மா சொன்னதா?"

"நெசம்."

"அப்ப வாங்க."

பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, அணைக்கு நடந்தோம். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். பலகைகள் ஊறிப்போய் அசையவில்லை. லெச்சுமி கவ்வாத்துக் கத்தியை இடுக்கில் கொடுத்து நெம்பினாள். ஜயதிஸ்ஸ கொஞ்ச நேரம் கரையில் நின்று பார்த்தார். பிறகு குடையை மடக்கிக் கல்மேல் வைத்து, சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, அரசாங்கக் கால்சட்டையோடு இறங்கினார்.

நான் இறங்கவில்லை. விசா, பாஸ்போர்ட், மதுரையில் இருக்கிற வேலை என்று மனசுக்குள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. எல்லோருடைய பைகளையும் செருப்புகளையும் பார்த்துக்கொள்கிறவள்போல அவற்றுக்குப் பக்கத்தில் நின்றேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

முதல் பலகை பிடுங்கிக்கொண்டு வந்ததும் மற்றவை தாமாகச் சரிந்தன. தண்ணீர் பழுப்பு நிறத்தில் உறுமிக்கொண்டு இறங்கியது. குட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்தன. ஓயா மறுபடியும் ஓயாவாயிற்று. ஒரு மணி நேரம் கழித்துப் பலகைகளை அவர்களே திருப்பிச் செருகினார்கள். ஓட்டம் அடங்கியதும் அகப்பையை எடுத்துக்கொண்டு குட்டை குட்டையாகப் போனேன். அது என்னால் முடிந்த வேலை. இருபது தடவை மொண்டேன். ஒரே ஒரு புழு வந்தது.

"ஒண்ணுதான்" என்று கத்தினேன்.

பெண்கள் தட்டைச் சுற்றி நின்று அந்த ஒன்றைப் பார்த்தார்கள். ஒருத்தி கைதட்டினாள். லெச்சுமி கைதட்டவில்லை. "அடுத்த கெழமையும் தொறக்கணும்ல?" என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த கிழமை திறக்க வழி இல்லாமல் போயிற்று. மறுநாளே பலகைகளின் குறுக்கே இரும்புப் பட்டை அடித்துப் பூட்டு மாட்டிவிட்டார்கள். காவலுக்கும் ஒருவரைப் போட்டார்கள். லெச்சுமியை லயத்தைக் காலி செய்யச் சொல்லி ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் பத்தாம் நாள் கிளம்பினேன். போகும்போது சாந்திக்கு மாத்தளைக் கடைத்தெருவில் வாங்கிய பிஸ்கட் பெட்டியைக் கொடுத்தேன். லெச்சுமி அதை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "பத்திரமா போய்ட்டு வாங்கக்கா" என்றாள். அதில் கோபமும் இல்லை, பிரியமும் இல்லை. வழியில் பார்த்த யாருக்கும் சொல்லுகிற வார்த்தை.

மதுரைக்கு வந்து அறிக்கை எழுதினேன். அணை, குட்டைகள், பலகையைத் திறப்பதற்கு முன்னும் பின்னும் கிடைத்த புழுக்களின் எண்ணிக்கை எல்லாம் இரண்டு பக்கம். அதற்கு முன்னால், வெளியிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரால் காய்ச்சல் தொடங்கியது என்று ஒரு பத்தி. அதிகாரி படித்துவிட்டு அந்த இரண்டு பக்கத்தின் குறுக்கே கோடு போட்டார். "அவர்கள் நாட்டுக்கு விருந்தாளியாகப் போய்விட்டு, தோட்டக்காரன்மேல் புகார் எழுதுவதா? வெளியூர்த் தொழிலாளி ஒருவரால் நோய் பரவியது என்பதே போதும். அதுவும் நீ எழுதியதுதானே?"

ஆம், நான் எழுதியதுதான். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து ஜயதிஸ்ஸவிடமிருந்து கடிதம் வந்தது. அவரைத் தூரத்து மாவட்டம் ஒன்றுக்கு மாற்றியிருந்தார்கள். ராசையாவை இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு, குற்றம் ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார்களாம். காய்ச்சல் தானாகவே விட்டுப்போயிருந்தது. இடது காதுதான் கேட்பதில்லை. சாந்தி பிழைத்துக்கொண்டாள். குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டு வவுனியாப் பக்கம் போய்விட்டது. அங்கே காடு வெட்டிக் குடியிருக்க நிலம் கிடைக்கிறதென்று யாரோ சொன்னார்களாம். அங்கே சண்டையும் உண்டு, மலேரியாவும் உண்டு என்று தான் சொல்லிப் பார்த்ததாக எழுதியிருந்தார்.

கடைசி வரியில், கிளம்பும்போது லெச்சுமி கேட்டதை இங்கிலீஷ் எழுத்தில், தமிழிலேயே எழுதியிருந்தார். "இந்தியா அக்கா புழு எண்ணி எழுதினாங்களே, அதப் பெரியவங்க யாராச்சும் படிச்சாங்களா? கேட்டு எழுதுங்க மாத்தயா."

பதில் எழுத மூன்று தடவை உட்கார்ந்தேன். முகவரி மட்டும் எழுதிய உறை ஒன்று இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.